நம்பர் இல்லாத ஃப்ரேம்கள்

பொதட்டூர்பேட்டை
11.2.2024

உதயா,

இதை நம்ம நைனா கையில குடுத்து அனுப்புறேன். புதன்கிழமை வாய்தாவுக்கு உன்னைத் திருத்தணி கோர்ட்டுக்குக் கூட்டினு வருவாங்களாம். வராண்டாவுல பக்கத்துல உக்காந்தா போலீஸ்காரரு ஒண்ணும் சொல்றதில்லன்னு நைனா சொன்னாரு. ஜெயிலுக்குத் தபால்ல போட்டா பிரிச்சிப் படிப்பாங்க. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால இதுதான் வழி.

போலீஸ் உன் கடைக்கு வந்த அன்னிக்கு நான் தறியில உக்காந்துகினு இருந்தேன். பக்கத்து வூட்டு ஜெயம்மாக்கா ஓடியாந்து சொன்னாங்க. தாம்பரத்துல ஒரு பையனோட சைக்கிளு திருடு போயிருந்துச்சாம். அதுக்கு நீ வேற பெயிண்ட் அடிச்சி டிசைன் எல்லாம் போட்டிருந்தியாம். சுரண்டிப் பாத்தா அடியில அவனோட பழைய கலரு. பெடலுக்குக் கீழ 'உதயா கலர்ஸ், திருத்தணி'ன்னு நீயே ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்ததால நேரா அரக்கோணம் ரோட்டுக்கே வந்துட்டாங்க. பேப்பர்லயும் போட்டுட்டான். படிச்சிட்டு பத்மா, 'உதயா மாமா திருடனாம்மா?'ன்னு கேட்டா. இல்லடின்னு சொன்னேன்.

இப்ப நான் எழுத வந்ததை எழுதிடறேன். அந்த மாதிரி சைக்கிள் ஃப்ரேமுங்களை யார் கொண்டாந்து குடுத்தாங்கன்னு கேப்பாங்க. உன் பாவா, என் வூட்டுக்காரரு, லுங்கி மூட்டை ஏத்தினு மெட்ராஸ் போறவரு. திரும்பி வரும்போது வண்டி காலியா வருதேன்னு பழைய சாமான் ஏத்தினு வந்தாரு. அவருக்கும் எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரியாதாம். என் தலையில கை வெச்சி சொன்னாரு.

அவர் பேரைச் சொல்லாத உதயா. அவரு உள்ள போயிட்டா இந்தத் தறி, இந்த வூடு எதுவும் நிக்காது. அவங்கம்மா என்னை ஒரு நாள் வெச்சிருக்க மாட்டாங்க. பத்மாவுக்குப் பத்து வயசுதான் ஆவுது. நீ ஒண்டிக்கட்டை. உன்னால தாங்க முடியும்.

உன்னைப் பாக்க வரணும்னுதான் இருக்கு. அவரு விடமாட்டேன்றாரு. பதிலை நைனாகிட்ட குடு. ஜெயம்மாக்கா வூட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போவாரு.

துர்கா


28.2.2024

அக்காவுக்கு,

சரி. பாவா பேரைச் சொல்ல மாட்டேன். ஆந்திரா பக்கத்திலேர்ந்து யாரோ ஒருத்தன் கொண்டாந்தான், பேரு தெரியாதுன்னு எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டுட்டேன். நீ பயப்படாத.

ஒண்டிக்கட்டைன்னு எழுதியிருந்த. நிஜந்தான். ஆனா அந்த வரியில வந்து நின்னுட்டேன்.

இங்க நான் பெயிண்டர்னு தெரிஞ்சதும் பக்கெட்டுங்களுக்கு நம்பர் போடச் சொன்னாங்க. பிரஷ்ல முடி கொட்டுது. எழுதி முடிச்சதும் ஒரு வார்டர், 'கை நல்லா இருக்கே, ஏன்டா இந்த வேலைக்குப் போன?'ன்னாரு.

ஒரே ஒரு உதவி செய். அரக்கோணத்துல ஆதிகேசவன் சார்னு, ரயில் ஓட்டினவரு, ரிட்டயர் ஆயிட்டாரு. அவங்க அப்பாவோட பழைய இங்கிலாந்து சைக்கிளோட ஃப்ரேமை என்கிட்ட குடுத்திருந்தாரு. துருவெல்லாம் எடுத்து, பிரைமர் அடிச்சி, கரும்பச்சை போட்டு, ஒவ்வொரு மூட்டு ஓரத்துலயும் தங்க லைன் இழுத்திருக்கேன். டேப் ஒட்டாம கையாலயே இழுத்தது. மூச்சைப் பிடிச்சினு ஒரே இழுப்புல இழுக்கணும். நடுவுல தயங்கினா அந்த எடம் காட்டிக் குடுத்துடும். பேரையும் ஸ்டிக்கரா ஒட்டாம பிரஷ்ல எழுதி, மேல கிளியர் வார்னிஷ் அடிச்சிட்டேன். போலீஸ் வர்றதுக்கு மொத நாள் அடிச்சது. கொக்கியில தொங்கினு இருக்கும். அதைப் போலீஸ் தொடல.

நைனாகிட்ட சாவி இருக்கு. அந்த மனுஷன் கிட்ட அதை மட்டும் சேத்துடு. நான் எல்லாரையும் ஏமாத்தறவன்னு அவராவது நெனைக்க வேணாம்.

உதயா


பொதட்டூர்பேட்டை
10.3.2024

உதயா,

எழுத்து கோணலா இருந்தா ஒண்ணும் நெனைக்காத. வலது கை வீங்கினு இருக்கு.

செவ்வாய்க்கிழமை மலைக்கோயிலுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு உன் கடைக்குத்தான் போனேன். நைனா குடுத்த சாவிக்கு வேலையே இல்ல. புதுப் பூட்டு ஒண்ணு தொங்கினு இருந்துச்சி, ஷட்டர் பாதி தூக்கியிருந்துச்சி. உள்ள உன் கம்ப்ரசர் ஓடினு இருந்தது. குனிஞ்சி பாத்தா, மூஞ்சில கர்ச்சீஃப் கட்டினு ஒருத்தன் கறுப்பு அடிச்சினு இருக்கான்.

"யாருங்க நீங்க?"ன்னேன்.

"இது கஜபதி அண்ணன் கடைங்க. ஆர்டர்னா அவருக்குப் போன் பண்ணுங்க"ன்னான்.

உன் பாவா பேரைத்தான் சொன்னான். கடையை மூடிட்டேன், அந்தப் பக்கமே போறதில்லன்னு அவரு என்கிட்ட சொன்னாரு உதயா. ஒரு மாசமா சொல்லினு இருந்தாரு. சுவத்துல அஞ்சாறு ஃப்ரேம் சாஞ்சிருந்துச்சி. ஒண்ணைத் திருப்பிப் பாத்தேன். பெடலுக்குக் கீழ கம்பெனிக்காரன் நம்பர் வெட்டியிருக்கற எடத்துல அரம் போட்டுத் தேச்சி வழுவழுன்னு இருந்தது. எனக்கு அந்த வேலை தெரியாது. ஆனா தேச்சதுக்கும் தேஞ்சதுக்கும் வித்தியாசம் தெரியாதா?

ஆதிகேசவன் சார் ஃப்ரேமைக் கொக்கியிலேர்ந்து எடுத்து தரையில போட்டிருந்தாங்க. மேல கறுப்புத் தூளு. ஒரு பக்கம் கீறியிருந்தது. நான் முந்தானையாலயே தொடச்சி ஆட்டோவுல வெச்சினு அரக்கோணம் போனேன். அவரு வாங்கி மடியில வெச்சி உள்ளங்கையால தடவிப் பாத்தாரு. கீறலைப் பத்திக் கேக்கவே இல்ல. "உதயா எப்பம்மா வருவான்?"னாரு. எனக்குத் தெரியலன்னேன்.

ராத்திரி சோறு போடும்போது உன் பாவாவைக் கேட்டேன். "உதயா உள்ள கெடக்கறான், நீ அவன் கடையில அதே வேலையைப் பண்ணினு இருக்கியா?"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். தறிக்கட்டையை எடுத்தாரு. பத்மா நடுவுல வந்துட்டா. அவ மேல படக்கூடாதேன்னு கையை நீட்டினேன்.

நான் மொதல்ல எழுதினதை மறந்துடு. சொல்லிடு உதயா. யார் கொண்டாந்தது, எப்படிக் கொண்டாந்ததுன்னு எல்லாத்தையும் சொல்லிடு.

துர்கா


27.3.2024

அக்கா,

சொல்ல மாட்டேன்.

நீ சொல்லாதன்னா சொல்லாம இருக்கணும், சொல்லுன்னா சொல்லணுமா? கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சி. இப்ப மாத்திச் சொன்னா எவன் நம்புவான்? ஜாமீனுக்கு சொத்து இருக்கற ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போடணும். பாவா வரேன்னு நைனாகிட்ட சொல்லியிருந்தாரு. ரெண்டு வாய்தா ஆயிடுச்சி. ஒவ்வொரு தரமும் வாசலையே பாத்துனு உக்காந்திருந்தேன். அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சி.

உனக்குத் தெரியாத ஒண்ணை இப்ப சொல்றேன். மொத தடவை வந்த ஃப்ரேமுங்கள்ல நம்பர் இருக்கற எடம் துருப்பிடிச்ச பள்ளமாட்டம் இருந்துச்சி. ஏலத்துல எடுத்த பழசுன்னு பாவா சொன்னாரு, நம்பினேன். நம்பினதாலதான் என் ஸ்டிக்கரையே ஒட்டினேன். பச்சையிலேர்ந்து ஊதாவுக்கு மாறுற மாதிரி, உங்க ஊர் சேலையில வெயில் பட்டா தெரியுமே, அப்படி ஒரு கலர் அதுல எடுத்தேன். அதுல ஒட்டின ஸ்டிக்கராலதான் மாட்டினேன்.

ரெண்டாவது தடவை அரம் போட்ட தடம் பளபளன்னு தெரிஞ்சது. கேட்டேன். அப்பவும் ஏலம்னாரு. பள்ளம் அடைக்கிற புட்டி வெச்சி மூடி மேல பெயிண்ட் அடிச்சது நான்தான். மூணாவது தடவை வண்டியை நிறுத்தினப்ப, "பாவா, இது வேணாம், எடுத்துனு போயிடு"ன்னேன். அவரு சிரிச்சாரு. "உங்கக்கா என் வூட்லதான சோறு துன்னுனு இருக்கா?"ன்னாரு. சிரிச்சினேதான் சொன்னாரு. இறக்கி வெச்சிட்டுப் போயிட்டாரு. நான் அடிச்சேன்.

இப்ப நான் வாயைத் திறந்தா உன் கையோட நிக்காது. நீ அந்த வூட்ல இருக்கற வரைக்கும் என்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வராது. கைக்கு டாக்டரைப் பாத்தியா?

உதயா


கே.ஜி.கண்டிகை
8.4.2024

உதயா,

நான் இப்ப அந்த வூட்ல இல்ல.

வெள்ளிக்கிழமை காலையில பத்மாவை ஸ்கூலுக்குக் கூட்டினு போறவ மாதிரி கிளம்பி, ஸ்கூல் வாசல்ல எறங்காம அதே பஸ்ல நைனா வூட்டுக்கு வந்துட்டேன். அவ பையில புஸ்தகத்துக்குப் பதிலா ரெண்டு பேர் துணி. நைனா கரும்பு வெட்டப் போயிருந்தாரு. வந்து பாத்துட்டு உலை வெச்சாரு.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக்கின போலீஸ் அம்மா, "யோசிச்சிட்டியாம்மா? உன் புருஷன்"னாங்க. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. ஆங், யோசிச்சிட்டேன்னேன். கடையில நான் பாத்தது, அந்த ஆளு சொன்னது, கட்டையால அடிச்சது எல்லாம் சொன்னேன். அன்னிக்கே போயி ஃப்ரேமுங்களை எடுத்துனு வந்துட்டாங்க. உன் பாவா தப்பிச்சி ஆந்திரா பக்கம் போயிட்டாரு.

நேத்து அவங்கம்மா நாலு பேரோட நம்ம வூட்டுக்கு எதிர டீக்கடை முன்னாடி வந்து நின்னு கத்தினாங்க. கூடப்பொறந்தவனுக்காகத் தாலியை அறுத்தவளாம் நான். நைனா வாசப்படியில உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்ல.

சீதாலட்சுமின்னு ஒரு வக்கீலம்மா, சர்க்கார்ல இலவசமா வெச்சிக் குடுக்கறாங்க. வியாழக்கிழமை உன்னைப் பாக்க அங்க வருவாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லு. எனக்காகன்னு இனிமே எதையும் மறைக்காத. அந்த வூட்ல நான் இல்ல, புரியுதா?

பத்மா என்னோட பேசறதில்ல.

துர்கா


24.4.2024

அக்கா,

வக்கீலம்மாகிட்ட சொன்னேன். எழுதிக்கினாங்க. மொதல்ல பொய் சொன்னதுக்குத் திட்டினாங்க, அப்புறம் உன்னைப் பத்தி விசாரிச்சாங்க.

இன்னொரு சங்கதி. முந்தாநாள் சாயங்காலம் பாவாவை இங்கதான் கொண்டாந்து விட்டாங்க. புத்தூர்ல பிடிச்சாங்களாம். அடுத்த பிளாக்.

நேத்து சோத்துக்கு வரிசையில நிக்கும்போது எனக்கு முன்னாடி ரெண்டு ஆள் தள்ளி நின்னாரு. தாடி வளந்து போயி எனக்கு மொதல்ல அடையாளம் தெரியல. திரும்பிப் பாத்தாரு. அடிக்க வருவாருன்னு தட்டை இறுக்கிப் பிடிச்சினேன். பக்கத்துல வந்து, "பாப்பா என்னைக் கேட்டாளாடா?"ன்னாரு.

"எனக்கு எப்படித் தெரியும் பாவா, நான் உள்ள இருக்கேன்"னேன்.

"உங்கக்கா எழுதுவாளே, அதுல கேட்டாளா?"

ஒண்ணும் எழுதலன்னு சொல்லிட்டேன். அங்கயே சுவத்துல சாஞ்சி அழ ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் பாக்கறாங்க. வார்டர் வந்து தள்ளினு போனாரு. சோறு வாங்கவே இல்ல.

அவரைப் பாத்தா என்ன பண்ணணும்னு இத்தினி நாளா மனசுல வெச்சினு இருந்தேன் அக்கா. உன் கையை நெனைச்சி நெனைச்சி வெச்சிருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல. என் தட்டுல இருந்த சோத்தையும் துன்ன முடியல.

பத்மா கேக்கறாளா?

உதயா


கே.ஜி.கண்டிகை
19.5.2024

உதயா,

கேக்கறா. என்னைக் கேக்கறதில்ல, நைனாவைக் கேக்கறா.

ஜாமீனுக்கு ஆதிகேசவன் சார் கையெழுத்துப் போடறேன்னு அவரா வந்தாரு. நைனா இந்த வூட்டுப் பட்டாவை வெச்சாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வெளிய வந்துடுவன்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஆனா கடை இல்ல உதயா. எடத்துக்காரரு காலி பண்ணிட்டாரு. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் போலீஸ்ல இருக்கு. நீ வரையறதுக்கு வெச்சிருந்த பிரஷுங்களை மட்டும் நைனா ஒரு துணியில சுத்தி எடுத்தாந்தாரு.

நீ இங்கதான் வரணும், வேற எங்க போவ? ஆனா பத்மா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியல. தெருவுல புள்ளைங்க என்னமோ சொல்லியிருக்குதுங்க. ஒரு நாள் ராத்திரி என்கிட்ட, "மாமாவும்தான் பெயிண்ட் அடிச்சாரு. அப்பாவை மட்டும் ஏன் பிடிச்சிக் குடுத்த?"ன்னா. தூங்கினவ மாதிரி கண்ணை மூடிக்கினேன்.

துர்கா


ஓசூர்
14.7.2024

அக்காவுக்கு,

சொல்லாமக் கிளம்பினதுக்குக் கோச்சிக்காத. நான் வூட்ல இருந்த அந்தக் கொஞ்ச நாள்ல பத்மா ஒரு வேளை கூட எல்லாரோட உக்காந்து சாப்பிடல. நான் வெளிய போனப்புறம் அடுப்பங்கரையில தனியா சாப்பிடறதைப் பாத்தேன். நான் பேசப் போனா எழுந்து போயிடறா. அது அவ வூடு. அதுல நான் இருந்தா அவளுக்கு எடமில்லாம போயிடுது.

இங்க ஒரு கம்பெனியில வேலை. சைக்கிள் ஃப்ரேம்தான். ஆனா என் வேலை கொக்கியில மாட்றது மட்டும். கொக்கி நகந்து போயி மெஷினே பெயிண்ட் பவுடர் அடிச்சி, சூட்டுல வெந்து அந்தப் பக்கம் வந்துடும். ஸ்டிக்கரைப் பொண்ணுங்க ஒட்டுவாங்க. பக்கத்துல நிக்கறவனுக்குக் கூட எனக்கு வரையத் தெரியும்னு நான் சொல்லல. கேஸ் இருக்கறதும் தெரியாது. வாய்தாவுக்கு லீவு கேக்கறப்ப நைனாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றேன்.

அந்த பிரஷுங்களை நீயே வெச்சிக்கோ. போன் பண்ணாத. குரலைக் கேட்டா நீ அழுவ, நான் கட் பண்ணிடுவேன். எழுது.

உதயா


கே.ஜி.கண்டிகை
2.3.2025

உதயா,

உனக்கு எழுதி ரொம்ப நாளாச்சி. எழுதறதுக்கு நல்லதா ஒண்ணும் இல்ல. அந்தாளும் ஜாமீன்ல வந்துட்டாரு. பொதட்டூர்பேட்டையில இருக்காரு. மாசம் ஒரு தரம் கோர்ட்டுல சொன்னபடி பத்மாவைப் பாக்க வராரு. டீக்கடையில உக்காந்து பன் வாங்கிக் குடுக்கறாரு. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கறேன். திரும்பி வந்து அவ அன்னிக்குப் பூரா பேசமாட்டா.

கேஸ் விசாரணைக்கு வந்துடுச்சி. இருபதாம் தேதி என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. நீயும் வருவ, அவரும் வருவாரு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பீங்க.

கடையில பாத்ததைச் சொல்றதுக்கு எனக்குப் பயமில்ல. ஆனா சர்க்கார் வக்கீல் கேட்டு முடிச்சப்புறம் உன் பாவாவோட வக்கீல் எழுந்து கேப்பாராம். என்ன கேப்பாருன்னு ஊர்ல பேசிக்கறாங்க. 'நம்பர் அழிச்சிருந்தது உன் தம்பிக்குத் தெரியுமா, தெரியாதா?' இதைத்தான் கேப்பாராம். தெரியும்னா பழியில பாதி உன் மேல வரும். தெரியாதுன்னா நீ தப்பிச்சாலும் தப்பிக்கலாம்.

சீதாலட்சுமி அம்மாகிட்ட போனேன். "நான் உதயாவுக்கு வக்கீல். நீங்க சாட்சி. என்ன சொல்லணும்னு நான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதும்மா"ன்னுட்டாங்க.

மொத கடிதாசியில நான் அப்படி எழுதாம இருந்திருந்தா நீ அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லியிருப்ப. உன்னை உள்ள உக்கார வெச்சது நான்தான். மறுபடியும் என் வாயால உன்னை உள்ள அனுப்ப முடியாது. தெரியாதுன்னு சொல்லிடவா? நாலெழுத்துதான். சாமி மேல சத்தியம் பண்ணிட்டு சொல்லணும், அவ்வளவுதான். மலையில இருக்கறவன் எனக்கு இதுவரைக்கும் என்ன பண்ணிட்டான்?

உடனே பதில் போடு.

துர்கா


ஓசூர்
9.3.2025

அக்கா,

தெரியும்னு சொல்லு.

நீ என்னை உள்ள அனுப்பல. நான் அந்த மூணாவது வண்டியை இறக்க விட்டேன், அதனால போனேன். புட்டி வெச்சது என் கை. உன் கடிதாசி அதுக்கு அப்புறம் வந்தது.

நீ தெரியாதுன்னு சொன்னா என்ன ஆவும்னு யோசிச்சிப் பாத்தேன். நான் ஒருவேளை தப்பிச்சிடுவேன். பாவா உள்ள போயிடுவாரு. அன்னிக்கு சாயங்காலம் நீ வூட்டுக்குப் போவ, பத்மா கேப்பா. அவ கேக்காட்டியும் ஸ்கூல்ல புள்ளைங்க சொல்லிடும், உங்கம்மா கோர்ட்டுல தம்பிக்காகப் பொய் சொன்னான்னு. அப்பாவுக்கு ஒரு நியாயம் மாமாவுக்கு ஒரு நியாயம்னு அந்தப் பொண்ணு ஆயுசு முழுக்க நெனைச்சினு இருக்கும். அப்புறம் நீ அவளுக்கு என்ன சொன்னாலும் அவ காதுல ஏறாது. நான் வெளிய இருந்து என்ன பிரயோஜனம்? அங்க இருந்த கொஞ்ச நாள்லயே என்னால அந்த வூட்ல சாப்பிட முடியல.

எவ்வளவு போடுவாங்கன்னு தெரியல. ஏற்கெனவே உள்ள இருந்ததைக் கழிப்பாங்கன்னு வக்கீலம்மா சொன்னாங்க. இங்க சூப்பர்வைசர்கிட்ட கேஸ் விஷயத்தைச் சொல்லிட்டேன். திரும்பி வந்தா வேலை இருக்கும்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல.

முடிஞ்சா பத்மாவை அன்னிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டினு வா. வராண்டாவுல நைனாகூட உக்காரட்டும். நீ சொல்றதை அவளே கேக்கட்டும். நான் கூண்டுல பாவா பக்கத்துல நிப்பேன். அவரு வக்கீல் அந்தக் கேள்வியைக் கேக்கறப்ப என் பக்கம் திரும்பாத. என் மூஞ்சைப் பாத்தா உனக்கு வாய் குழறிடும். ஜட்ஜைப் பாத்து, ஆங், அவனுக்குத் தெரியும்னு சொல்லு. சத்தமா சொல்லு, வராண்டாவுக்குக் கேக்கணும்.

உதயா